கச்சேரியை விட்டு வகுப்பறைக்கு: மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் உத்தியோக வாழ்க்கை



எந்த நாட்டுத் தமிழ்ச்சங்க விழாவாக இருந்தாலும், எந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவாக இருந்தாலும், முதலில் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுகிறோம். 1970-இல் தமிழக அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவே அறிவித்தது. எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்பது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். விநாடி வினாவில் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள். "அவர் எந்த ஊர்க்காரர்? சாப்பாட்டுக்கு என்ன வேலை பார்த்தார்?" என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பிறந்தது ஆலப்புழை. படித்தது, உத்தியோகம் பார்த்தது, எழுதியது, மறைந்தது எல்லாம் திருவனந்தபுரம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அவர் வேலை பார்த்தது திருநெல்வேலியில் சுமார் இரண்டே ஆண்டுகள். தத்துவப் பேராசிரியர் என்றுதான் அவரை அறிகிறோம். அந்த நாற்காலிக்கு முன்னால் மூன்று ஆண்டுகள் திருவிதாங்கூர் அரசின் வருவாய் இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தார். வாழ்க்கை வரலாறுகளில் இந்த மூன்று ஆண்டுகள் ஒரு வரியில் போய்விடும். நான் அந்த ஒரு வரியில் கொஞ்சம் நின்று பார்க்கப் போகிறேன். நம்மில் பலரும் காலையில் ஒரு வேலை, மனசுக்குள் வேறொரு வேலை என்று இரண்டு வண்டி ஓட்டுகிறவர்கள்தானே. (பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.)

பிழைக்கப் போன குடும்பம்

சுந்தரம் பிள்ளையின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து ஆலப்புழைக்குக் குடியேறியவர்கள். ஏன் ஆலப்புழை? 18ஆம் நூற்றாண்டில் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த துறைமுகம் அது. மிளகும் ஏலமும் கொப்பரையும் கப்பலேறிய இடம். குஜராத்திகளும் தமிழர்களும் வியாபாரத்துக்காக அங்கே வந்து குடியேறினார்கள். இன்றைக்குத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற மாதிரி அன்றைக்கு ஆலப்புழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தில் பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மாளுக்கும் 1855 ஏப்ரலில் பிறந்தவர் சுந்தரம். வெளியே மலையாளம், வீட்டில் தமிழும் தேவாரமும். தமிழை முறையாகக் கற்றது நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம். பிற்காலத்தில் மறைமலை அடிகளுக்கும் ஆசிரியராக இருந்தவர் இதே நாராயணசாமிப் பிள்ளைதான்.

கல்லூரிப் படிப்பு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில். இன்று பாளையத்தில் யுனிவர்சிட்டி காலேஜ் என்று நிற்கிறதே, அதுதான். சுவாதித் திருநாள் 1834-இல் தொடங்கிய இலவச ஆங்கிலப் பள்ளி, 1866-இல் ஆயில்யம் திருநாள் காலத்தில் ஜான் ராஸ் தலைமையில் கல்லூரியானது. 1876-இல் சுந்தரம் பி.ஏ. தேறினார். உடனே அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

1877-இல் சிவகாமி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி அது. அங்கே இருந்தபோதுதான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு ஏற்பட்டது. மேல்நாட்டுத் தத்துவம் படித்த இளைஞர், வேதாந்தமும் சைவமும் ஊறிய ஒரு துறவியிடம் பாடம் கேட்கிறார். பிறகு எழுதிய நாடகத்தில் சுந்தர முனிவர் என்றொரு பாத்திரத்தை வைத்தார். அது குருவுக்குச் செலுத்திய கடன்.

1879-இல் மகாராஜா கல்லூரிக்கே திரும்பி வந்தார். தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த டாக்டர் ராபர்ட் ஹார்விக்குக் கீழே வேலை. 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம். திருவிதாங்கூரின் முதல் எம்.ஏ. இவர்தான் என்பார்கள்.

கச்சேரி வேலை

1882-இல் இவருக்கு ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்தது. பதவியின் பெயர் பிறவகை சிரஸ்தார். கச்சேரி என்றதும் மிருதங்கத்தைத் தேடாதீர்கள். திருவிதாங்கூரில் கச்சேரி என்றால் அரசு அலுவலகம். ஹஜூர் கச்சேரி என்பது திவானின் தலைமை அலுவலகம். 1869-இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம்தான் இன்றைய கேரளத் தலைமைச் செயலகம்.

அதென்ன 'பிறவகை'? அரசுக்கு வருமானம் நிலவரியிலிருந்து வரும். நிலவரி அல்லாத மற்ற வருமானத்தைப் பிறவகை என்றார்கள். அன்றைய திருவிதாங்கூரில் உப்பு, புகையிலை, சாராயம், சுங்கம் என்று இந்தப் பக்கத்திலும் நல்ல வருமானம் இருந்தது. திருவிதாங்கூர் சுதேச சமஸ்தானம்தான். ஆனால் தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடெண்ட் உட்கார்ந்திருந்தார். கச்சேரிகளும் ஆங்கில நிர்வாக அச்சுக்கு மாறிக்கொண்டிருந்தன. விசாகம் திருநாள் மகாராஜா, வெ. ராமையங்கார் திவான். நில அளவையும் இலாகாச் சீர்திருத்தமும் முழுமூச்சில் நடந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஆங்கிலம் நன்றாக அறிந்த ஓர் எம்.ஏ. பட்டதாரி வருவாய் இலாகாவில் நுழைந்தால் அவருக்கு முன்னால் என்ன வழி திறந்திருக்கும்?

பதில் அதே ஊரில் இருந்தது. தஞ்சாவூர்க்காரரான டி. மாதவராவ் 1849-இல் இளவரசர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் திருவனந்தபுரம் வந்தார். பிறகு வருவாய் இலாகாவுக்கு மாறினார். முப்பது வயதுக்குள் திவான். ஆசிரியர், வருவாய் அதிகாரி, திவான் என்பது எல்லாரும் கண்ணால் பார்த்த ஏணி. மகாராஜா கல்லூரியில் படித்த வி. நாகமையாவும் வருவாய் வழியில் போய் திவான் பேஷ்காராக உயர்ந்தார். 1906-இல் வந்த திருவிதாங்கூர் மானுவலை எழுதியவர் இவர்.

அப்படி ஒரு ஏணியில் ஏறத் தொடங்கிய சுந்தரம் பிள்ளை, மூன்றே ஆண்டில் இறங்கிவிட்டார். 1885-இல் ஹார்வியின் ஆதரவோடு தத்துவப் பேராசிரியர் நாற்காலி அவருக்கு வந்தது. கச்சேரியை விட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினார். இரண்டு கட்டடங்களுக்கும் இடையே பத்து நிமிட நடைதான். ஊர் பார்வையில் அந்தப் பத்து நிமிடம் மேலேயிருந்து கீழே நடப்பது.

இதை ஒரு பெரிய துறவுக் கதையாக ஆக்க நான் விரும்பவில்லை. பேராசிரியர் பதவியும் நல்ல சம்பளமுள்ள அரசு வேலைதான். குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. வசதியான வேலை ஒன்றை விட்டு வசதியான வேலை இன்னொன்றுக்கு வந்தார். ஆனால் அதிகாரம் இருந்த இடத்திலிருந்து நேரம் இருந்த இடத்துக்கு வந்தார். அப்போது வயது முப்பது. அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது பன்னிரண்டே ஆண்டுகள் என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள்

1885-இலிருந்து 1897 வரை என்ன செய்தார் என்று வரிசையாகப் பாருங்கள்.

1885-இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் இவர் முக்கியமானவர். 1888-இல் 'நூல்தொகை விளக்கம்'. மனிதனுடைய அறிவுத் துறைகளை எப்படி வகைப்படுத்துவது, எது எதற்குள் அடங்கும் என்று தமிழில் எழுதிய சிறு நூல். இன்றைக்கு நூலக அறிவியல் படிக்கிறவர்கள் ஆர்வமாகப் பார்க்கவேண்டியது. 1891-இல் 'மனோன்மணீயம்'. உயிரினங்களின் இலக்கணம், பிரிவு பற்றித் தமிழில் அறிவியல் கட்டுரை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் பத்துப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை. அதே இதழில் திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆராய்ச்சி, பிறகு 1895-இல் நூலாக. இதற்கு நடுவில் தென் திருவிதாங்கூர்க் கோயில்களின் கல்வெட்டுகளைப் படித்துப் பழைய வேணாட்டு மன்னர்களைப் பற்றி ஒரு நூல். இவ்வளவும் தினசரி வகுப்புகளோடு!

மனோன்மணீயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் ஒரு கதைப்பாட்டிலிருந்து கதையின் எலும்பை எடுத்துக்கொண்டார். சதையும் உயிரும் நம்மூர். பாண்டியன் ஜீவகன், அவனைக் கவிழ்க்க நினைக்கும் மந்திரி குடிலன், சேரன் புருஷோத்தமன், பாண்டியன் மகள் மனோன்மணி. போர் மூள்வது எதற்காகத் தெரியுமா? நாஞ்சில் நாட்டுக்காக! நாகர்கோவில்காரர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தத்துவம் படித்தவர்களுக்கு வேறொரு கதையும் அதற்குள் ஓடும். ஜீவகன் என்பது ஜீவன், உயிர். குடிலன் அதை மயக்கும் வஞ்சகம். முனிவர் குரு. கோட்டைக்குள்ளிருந்து வெளியே போகும் இரகசியச் சுரங்கம் குரு காட்டும் வழி. கடைசியில் பாண்டியன் மகளும் சேரனும் சேருகிறார்கள். மதுரை வேரும் திருவனந்தபுரத்து வாழ்க்கையும் கொண்ட ஒருவர் எழுதிய முடிவு அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாடகத்தின் தொடக்கத்தில் இருக்கும் தமிழ்த் தெய்வ வணக்கம்தான் நாம் பாடும் வாழ்த்து. மூலத்தில் இன்னும் சில வரிகள் உண்டு. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றைத் தமிழிலிருந்து பிறந்தவையாகச் சொல்லும் பகுதியை அரசு 1970-இல் விட்டுவிட்டது. இந்த மொழிகளை இன்றைய மொழியியல் சகோதரிகள் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதை எழுதியவர் நாள்தோறும் மலையாளம் புழங்கும் தெருவில் நடந்து வேலைக்குப் போனவர். மொழி ஒப்பீடு அவருக்குப் புத்தக விஷயம் மட்டுமல்ல, காலை எழுந்ததும் காதில் விழுகிற விஷயம்.

மணலிக்கரைக் கல்

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

திருவிதாங்கூர் அரச வம்சத்தைப் பற்றி அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பழைய வரலாறு பெரும்பாலும் கேள்வி ஞானம். கோயில் புராணமும் பரம்பரைக் கதையும் கலந்தது. சுந்தரம் பிள்ளை அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கோயில் சுவர்களுக்குப் போனார். தென் திருவிதாங்கூரில், அதாவது பெரும்பாலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும் வெட்டிய கல்வெட்டுகளைப் படியெடுத்தார். ஒவ்வொன்றிலும் கொல்லம் ஆண்டைப் பார்த்தார். அரசன் பெயரைப் பார்த்தார். இரண்டையும் ஒரு பட்டியலில் போட்டார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வேணாட்டை ஆண்டவர்களின் வரிசை முதல்முறையாகக் கல்லின் சாட்சியோடு எழுந்து நின்றது. அந்தக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்.

அவற்றில் ஒன்று தக்கலை வட்டாரத்து மணலிக்கரையில் கிடைத்தது. கொல்லம் 410, அதாவது கி.பி. 1235. அரசன் வீர ரவி கேரள வர்மன். விஷயம் என்ன? போர் வெற்றியா? கோயில் கொடையா? இல்லை. வரி!

அரசனின் அதிகாரிகளும் கோதைநல்லூர் சபையாரும் ஊர்க்காரர்களும் வரி வசூலிப்பவரும் கூடிப் பேசி எடுத்த முடிவை அந்தக் கல் சொல்கிறது. நிலத்துக்குச் செலுத்தவேண்டிய வரி இவ்வளவு என்று நிர்ணயம். மழை பொய்த்து விளைச்சல் போனால், சபையாரும் ஊராரும் நிலத்தை நேரில் பார்த்து எது விளைந்தது, எது சாவியானது என்று முடிவு செய்யவேண்டும். சாவியான நிலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வரிதான். ஊர் முழுக்க விளையாமல் போனால் மொத்த வரியிலும் ஐந்தில் ஒரு பங்குதான். அதையும் கட்ட முடியாது என்று ஊர் கூடிக் கேட்டால் அடுத்த அறுவடைக்குத் தள்ளி வைக்கலாம். அதற்கு வட்டி கிடையாது.

எழுநூறு ஆண்டுக்கு மேல் பழைய வரி ரசீது ஒன்றைப் படித்த மாதிரி இல்லை? அரசன் நினைத்ததை எழுதி அனுப்பவில்லை. கூடிப் பேசியிருக்கிறார்கள். சேதத்தைப் பார்வையிடும் உரிமை ஊருக்கு இருந்திருக்கிறது. இந்தக் கல்லின் பெருமையை உலகுக்குச் சொன்னவர் சுந்தரம் பிள்ளை. மக்கள் உரிமைச் சாசனமாகவே அதை மதித்தார்.

பண்டிதர் ஒருவர் இந்தக் கல்லைப் படித்திருந்தால் அரசனின் மெய்க்கீர்த்தியைத் தேடியிருப்பார். மொழிநூலார் படித்திருந்தால் வேற்றுமை உருபைப் பார்த்திருப்பார். மூன்று ஆண்டு வருவாய்க் கச்சேரியில் உட்கார்ந்து எழுந்த ஒருவர் படித்ததால்தான், 'சாவி நிலத்துக்கு ஐந்தில் ஒன்று, வட்டி கிடையாது' என்ற வாசகத்துக்கு என்ன மதிப்பு என்று உடனே பிடிபட்டது என்பது என் ஊகம். வரித் தள்ளுபடி என்றால் என்ன, சேதத்தை யார் கணக்கெடுப்பது, அதில் எவ்வளவு சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்குக் கச்சேரியில் தெரிந்த விஷயங்கள். அவர் வேலையை விட்டார். வேலை கற்றுக்கொடுத்ததை விடவில்லை.

சம்பந்தர் வழக்கு

இதே கச்சேரிக் கண்ணைச் சம்பந்தர் ஆராய்ச்சியிலும் பார்க்கலாம். தேவாரம் பாடிய ஞானசம்பந்தர் எந்தக் காலம்? பெரிய அறிஞரான கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனையும் மார்க்கோ போலோ காலத்துப் பாண்டியனையும் ஒன்றாக்கியதால் வந்த முடிவு அது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். அன்றைய சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887-இல் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் சிலப்பதிகாரத்தை 1892-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சில் கொண்டுவந்தார். ஏடுகள் புத்தகமாகின்றன. ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல ஆண்டுக் கணக்கு இல்லை. சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டு என்றால் தமிழ் இலக்கிய வரலாறு மொத்தமுமே நேற்று முளைத்ததாகிவிடும்.

"எங்கள் சம்பந்தரைப் பற்றி எப்படிச் சொல்லலாம்?" என்று சுந்தரம் பிள்ளை கொதிக்கவில்லை. பெருமை பேசவும் இல்லை. சாட்சிகளைக் கூப்பிட்டார். சம்பந்தரைக் குறிப்பிடும் நூல்கள் எவை, அவற்றை எழுதியவர்களின் காலம் என்ன, அவர்களுக்கு முன்னால் யார் என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போனார். சேக்கிழார், அவருக்கு முன் நம்பியாண்டார் நம்பி, அவருக்கு முன் சுந்தரர். சுந்தரர் பாடுகிறார் என்றால் சம்பந்தர் அவருக்கும் முந்தியவர். சௌந்தர்ய லகரியில் வரும் திராவிடக் குழந்தையையும் சாட்சியாகச் சேர்த்தார். ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று முடித்தார்.

பிறகு வந்தவர்கள் அந்த முடிவை இன்னும் இறுக்கினார்கள். சம்பந்தர் பாடலில் வரும் சிறுத்தொண்டர் வாதாபிப் படையெடுப்பில் இருந்தவர் என்பது பெரியபுராணச் செய்தி. பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது கி.பி. 642. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்பளம் கொடுத்துப் பாடவைத்த பதிகத்தை 13ஆம் நூற்றாண்டில் யார் எழுத முடியும்? இன்றுவரை சம்பந்தருக்கு ஏழாம் நூற்றாண்டுதான்.

நம் தலைமுறைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழின் பழமையைப் பற்றிப் பத்தாயிரம் ஆண்டு, இருபதாயிரம் ஆண்டு என்று எந்த ஆதாரமும் இல்லாமல் மின்னஞ்சல் வரும், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. தமிழை வாழ்த்திப் பாடியவரே அப்படிச் செய்யவில்லை. பாட்டில் உருகினார், ஆராய்ச்சியில் கணக்குக் கேட்டார். இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

சம்பளக்காரத் தமிழறிஞர்கள்

சுந்தரம் பிள்ளை தனி மனிதரும் இல்லை. அந்தக் காலத்துத் தமிழ் மறுமலர்ச்சிக்காரர்களின் பட்டியலைப் பாருங்கள். தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னை அரசின் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவர், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம்' என்று நாம் அறியும் ஆங்கில நூலை 1904-இல் தந்த வி. கனகசபைப் பிள்ளை அஞ்சல் இலாகா அதிகாரி. 'சித்தாந்த தீபிகை' நடத்திய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை மாவட்ட முன்சீப். தபால், கணக்கு, கோர்ட்டு, வரி! நம் பழைய நூல்கள் வெளிச்சத்துக்கு வந்ததில் பெரும்பங்கு ஆபீஸ் முடிந்து வந்து விளக்கேற்றி உட்கார்ந்தவர்களுடையது.

திருவனந்தபுரத்திலேயே இந்த வரிசையில் வேறு சிலரும் உண்டு. தைக்காடு ரெசிடென்சியில் மேலாளராக இருந்த தமிழர் அய்யாவு சுவாமிகள். அரசு அலுவல் பார்த்துக்கொண்டே யோகம் கற்பித்தார். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் கற்றார்கள். சுந்தரம் பிள்ளையும் அவரோடு பழகியவர். அடுத்த நூற்றாண்டில் காவல்துறை மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த கிருஷ்ண மேனன், ஆத்மானந்தர் என்ற பெயரில் அத்வைதம் போதித்து 1959-இல் அதே ஊரில் மறைந்தார். ரெசிடென்சி, வரி, போலீஸ் என்று எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் தத்துவத்தில் கொண்டுபோய் விடுகிற ஊர் போலிருக்கிறது!

ஹார்விபுரம்

சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தைத் தம் ஆசிரியர் ஹார்விக்கே காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் தமக்கு இருந்த நிலத்துக்கும் ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் பெயர் திருவனந்தபுரத்து மேட்டில். தமிழைத் தெய்வமாகப் பாடியவருக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. படிப்புச் சொல்லிக்கொடுத்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தால் என்ன?

1895-இல் வேதாசலம் என்ற இளைஞர் ஆசிரியர் நாராயணசாமிப் பிள்ளையோடு திருவனந்தபுரம் வந்து இவரைப் பார்த்தார். இவர் உதவியால் அங்கே சில மாதம் தமிழாசிரியராகவும் இருந்தார். அவர்தான் பின்னாளில் மறைமலை அடிகள். 1896-இல் சுந்தரம் பிள்ளைக்கு ராவ் பகதூர் பட்டம் வந்தது. 1897 ஏப்ரல் 26-இல் மறைந்தார். வயது 42. இன்றைய கணக்கில் வீட்டுக் கடனில் பாதிகூட முடிந்திருக்காத வயது.

மகன் நடராஜ பிள்ளை 1891-இல் பிறந்தவர், மனோன்மணீயம் அச்சான அதே ஆண்டு. தந்தை போனபோது ஆறு வயதுக் குழந்தை. வளர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் ஹார்விபுரத்து நிலத்தை அரசு பறித்துக்கொண்டது. 1954-இல் பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவையில் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதி அமைச்சரானார். வருவாய் இலாகாவும் அவரிடம்தான். அப்பா மூன்று ஆண்டு பார்த்து விட்டுவிட்டு வந்த வருவாய் நிர்வாகம், மகன் கைக்கு அமைச்சராக வந்து சேர்ந்தது! குடியானவர்களுக்கு நில உரிமை தரும் மசோதாக்களை அவர் கொண்டுவந்தார். அந்த அமைச்சரவை ஓராண்டுகூட நிலைக்காமல் 1955-இல் கவிழ்ந்தது. 1962-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 1966-இல் மறைந்தார். பேரூர்க்கடைப் பக்கம் போகிறவர்கள் பி.எஸ்.என்.எம். என்ற பெயர்ப்பலகையுள்ள அரசுப் பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகளில் இருப்பவர் இந்த நடராஜ பிள்ளைதான்.

தந்தை பெயரில் 1990-இல் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகமே வந்துவிட்டது. அவர் இரண்டு ஆண்டு மட்டும் வேலை பார்த்த ஊரில்.

நம் கணக்கு

சில நண்பர்கள் கேட்பார்கள்: "நம்மால் வேலையை விட முடியுமா? விசா, பிள்ளைகள் படிப்பு, ஊரில் அப்பா அம்மா மருந்துச் செலவு…" நியாயம்தான். சுந்தரம் பிள்ளையைப் பார்த்து யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதவேண்டாம்! தாமோதரம் பிள்ளையும் கனகசபைப் பிள்ளையும் நல்லசாமிப் பிள்ளையும் வேலையில் இருந்துகொண்டேதான் செய்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டது வேறு. அந்த மூன்று ஆண்டுகளை வீணாய்ப் போன காலம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மணலிக்கரைக் கல்லைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நம்மில் கணக்கு எழுதுகிறவர், மருத்துவம் பார்க்கிறவர், மென்பொருள் எழுதுகிறவர், கப்பலில் போகிறவர் என்று எத்தனையோ பேர். தமிழுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றும்போது உடனே கவிதை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். அவரவர் வேலை கற்றுக்கொடுத்த கண்ணோடு பழைய நூலையோ கல்வெட்டையோ சொந்த ஊர்க் கதையையோ பார்த்தால், பண்டிதர் கண்ணுக்குத் தப்பியது நமக்குப் படலாம். தாத்தாவின் கடைக் கணக்குப் புத்தகத்தை ஒரு கணக்காளர் படிக்கட்டும். ஊர்க் குளத்து மடையை ஒரு பொறியாளர் பார்க்கட்டும்.

உங்கள் குடும்பத்தில் திருவிதாங்கூர் கச்சேரியிலோ, அஞ்சலிலோ, பள்ளியிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் விட்டுப்போன காகிதங்களை அடுத்த விடுமுறையில் போகும்போது பாருங்கள். பழைய காகிதக்காரர் வருவதற்கு முன்னால்.

அன்புடன்.